தரை உங்களுடையது, தீர்ப்பும் உங்களுடையதே!

வீட்டுக் கடன் இருபது வருடத்துக்கு. மனை வாங்கும்போது வில்லங்கச் சான்று பார்த்தீர்கள், மூலப் பத்திரத்தை வழக்கறிஞரிடம் காட்டினீர்கள், தண்ணீர் எத்தனை அடியில் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்கள். ஆனால் காலையில் கண் விழித்ததும் உங்கள் கால் படப்போகிற தரையை யார் முடிவு செய்தார்? டைல்ஸ் கடை விற்பனையாளர், அரை மணி நேரத்தில். "இப்ப எல்லாரும் இதைத்தான் சார் எடுக்கிறாங்க" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். சோபாவை மைத்துனர் சொன்னார், கட்டிலைப் பண்டிகைத் தள்ளுபடி சொன்னது, டைனிங் டேபிளை எதிர்வீடு சொன்னது. கடன் மட்டும் உங்கள் பெயரில், வீடு முழுக்க அடுத்தவர் ரசனை!

அந்தத் தலையாட்டலை இன்றோடு நிறுத்துங்கள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரியும். பட்டுக் கடையில் உட்கார்ந்து இருபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்லி, கடைசியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போய்ப் பார்க்கிறீர்களே, அது என்ன? கடையின் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும் என்று உங்களுக்கு யார் பாடம் நடத்தினார்கள்? உடலுக்கு எந்த நிறம், முந்திக்கு எந்த நிறம், ரவிக்கை ஒத்துப்போக வேண்டுமா, எடுத்துக்காட்ட வேண்டுமா என்று நொடியில் சொல்லிவிடுகிற கண் அது. பல வருடம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். அதே கண்தான் தரைக்கும் மேசை நாற்காலிக்கும் வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் அதை மூடிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். திறந்து வைத்துக்கொள்ளுங்கள்!

முதலில் எதிலிருந்து தொடங்குவது? சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்றால் இரண்டு நாளில் மாற்றிவிடலாம். திரைச்சீலையைத் தீபாவளிக்குத் தீபாவளி மாற்றலாம். சோபாவுக்கு உறை மாற்றலாம். தரையை மாற்ற வேண்டுமென்றால் வீட்டைக் காலி செய்து, உடைத்து, தூசியில் மூழ்கி எழ வேண்டும். ஆகவே எது மாறாதோ அதிலிருந்து தொடங்குங்கள். புது வீடு கட்டுகிறவருக்குத் தரைதான் தொடக்கம். ஆனால் பாட்டி காலத்துத் தேக்குக் கட்டிலோ, தாத்தாவின் ஈட்டி மர அலமாரியோ இருந்து, அதை விடப்போவதில்லை என்று உறுதியாக இருந்தால், அந்த மரம்தான் தொடக்கம். தரை அதற்கு இணங்கி வரட்டும்.

இனி நிறம். வெள்ளை என்று நாம் பொதுவாகச் சொல்கிற டைல்ஸ் எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. ஒன்று மஞ்சள் பக்கம் சாயும்: ஐவரி, கிரீம், சந்தன நிறம். இன்னொன்று நீலமும் சாம்பலும் கலந்த பக்கம் சாயும். மரத்துக்கும் இந்தச் சாய்வு உண்டு. தேக்கு பொன்பழுப்பு. ஈட்டி கரும்பழுப்பு, அதில் ஊதா இழை ஓடும். பலா புதிதில் மஞ்சள், வயது ஏற ஏறச் செம்பழுப்பு. ரப்பர் மரம் வெளிறிய நிறம். தேக்கு நாற்காலியை ஐவரித் தரையில் வைத்தால் இரண்டும் ஒரே குடும்பம் போல உட்கார்ந்துவிடும். அதே நாற்காலியை நீலச் சாம்பல் தரையில் வையுங்கள், மரத்தின் செம்மஞ்சள் தூக்கலாகத் தெரியும். அது தவறில்லை. அந்தத் தூக்கல் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்திருந்தால் அது அழகு. தெரியாமல் நடந்திருந்தால்தான் "என்னமோ ஒட்டலையே" என்று வருடக்கணக்கில் உறுத்தும். அந்த இரண்டுக்கும் நடுவே சாம்பலும் மரநிறமும் கலந்த ஒரு விரிப்பைப் போட்டால் உறுத்தல் போய்விடும்.

எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால்தான் பொருத்தம் என்ற எண்ணத்தைத் தூக்கி எறியுங்கள். மரம் போலத் தெரியும் டைல்ஸ் பதித்து, அதே பழுப்பில் கட்டில், அதே பழுப்பில் கதவு, அதே பழுப்பில் அலமாரி என்று வைத்த அறையில் எதுவுமே கண்ணில் நிற்காது. கட்டில் தரைக்குள் அமிழ்ந்துவிடும். மரநிறத் தரை என்றால் மரச்சாமான் அதைவிட நன்றாக வெளிறியோ நன்றாகக் கறுத்தோ இருக்கட்டும். வயதானவர் இருக்கும் வீட்டில் இது அழகுப் பேச்சே இல்லை, பாதுகாப்பு. கண்புரை விழுந்த கண்ணுக்குத் தரையும் கட்டில் விளிம்பும் ஒரே நிறமாக இருந்தால் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. அப்பா இரவில் எழுந்து நடக்கிற வழியில் இருக்கும் எதுவும் தரையிலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும். முகம் தெரியும் அளவு பளபளக்கும் தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து கண் கூசும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஈரம் படும் இடத்துக்கு வழுக்காத டைல்ஸ் வேண்டும் என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். வழுக்காத தன்மைக்கு ஆர்-9 முதல் ஆர்-13 வரை தரக்குறியீடு இருக்கிறது. எண் கூடக் கூடப் பிடிமானம் கூடும். "இது ஆர் எத்தனை?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் எதிரே நிற்பவர் பேசும் விதமே மாறும்.

தரையும் மரமும் எப்படிப் பொருந்தும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமா? புதுச்சேரிக்குப் போனால் ஸ்ரீஅரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1930-களின் பிற்பகுதியில் வேலை தொடங்கிய கட்டடம். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். அங்கேயே தங்கி வேலையை நடத்தியவர் ஜார்ஜ் நகாஷிமா, அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி இளைஞர். ஆசிரமவாசிகளும் தொழிலாளர்களோடு சேர்ந்து உழைத்து எழுப்பிய கட்டடம் அது. உள்ளே என்ன இருக்கிறது? மெருகேற்றிய கறுப்புக் கல் தரை, வெண்மையான சுவர், தேக்கு. மூன்றே நிறம். கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் அந்த அறைகளுக்கென்றே நகாஷிமா வடிவமைத்தவை. ஜிகினா இல்லை, பூவேலை இல்லை. எண்பது வருடத்துக்கும் மேலாகியும் கட்டடக் கலை படிப்பவர்கள் அதைத் தேடி வருகிறார்கள். கறுப்புக் கல் என்பது ஏதோ இத்தாலியிலிருந்து வந்ததென்று நினைக்காதீர்கள். நம் பாட்டிமார் சமையல்கட்டு மேடைக்கும் திண்ணைக்கும் போட்ட கடப்பாக்கல் வகைதான் இது. பொருளின் விலை அந்த அறையை உயர்த்தவில்லை. எது வேண்டும், எது வேண்டாம் என்று துணிந்து சொன்ன ஒரு மனம் உயர்த்தியது.

நகாஷிமாவின் மீதிக் கதையையும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. 1942-ல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, அங்கே திரும்பியிருந்த அவரும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் அடைக்கப்பட்டார். முகாமில் ஒரு ஜப்பானியத் தச்சரைக் கண்டார், அவரிடம் வேலை கற்றார். வெளியே வந்து பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டார். மற்றவர்கள் கழித்துக்கட்டும் கணுவும் வெடிப்பும் உள்ள பலகையை அவர் மேசையாக்கினார். வெடிப்பை மறைக்கவில்லை. அதன் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு மர ஆப்பை இறுக்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி விட்டார். அந்த ஆப்பே இன்று அவர் கைவேலையின் அடையாளம். ஊரார் குறை என்று ஒதுக்கியதைத் தன் கண்ணால் பார்த்து "இது எனக்கு வேண்டும்" என்று சொல்லக் கூடியவருக்கு முகாம் வேலிகூடத் தடையில்லை. ஷோரூம் வாசல் உங்களுக்குத் தடையா?

இப்போது உங்கள் பழைய வீட்டுக்கு வாருங்கள். தாத்தா போட்ட சிவப்பு ஆக்சைடு தரை. சிமென்ட்டில் இரும்பு ஆக்சைடு நிறத்தைக் கலந்து, கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்த்து மெருகேற்றிய தரை. எத்தனை வருடக் கால்கள் நடந்து நடந்து அதற்கு அந்த வழவழப்பு வந்தது! அதைப் பார்த்து வெட்கப்படுகிறீர்கள். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அதன் மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டத் துடிக்கிறீர்கள். வேண்டாம்! அந்தத் தரைக்குப் பொருத்தமான சாமானை அங்கே வைத்ததே இல்லை, குறை அங்கேதான் இருக்கிறது. அடர்சிவப்பில் கருமர சோபாவைப் போட்டால் அறை இருண்டுதான் போகும். பிரம்பு நாற்காலியைப் போடுங்கள். வெளிறிய மர ஊஞ்சலைத் தொங்கவிடுங்கள். வெள்ளைப் பருத்தி உறை போட்ட திண்டு, ஓரத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அறை எழுந்து நிற்கும். தரை வெடித்து, அடியிலிருந்து ஈரம் ஏறிப் பொரிந்துவிட்டதென்றால் அது வேறு விஷயம், அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆக்சைடு பூசத் தெரிந்த கொத்தனார் இன்று எளிதில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் வெட்கத்துக்காக மட்டும் நல்ல தரையை மூடாதீர்கள்.

ஆத்தங்குடித் தரை என்றதும் பணக்காரச் செட்டிநாட்டு வீடுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆத்தங்குடி காரைக்குடி பக்கத்துச் சின்ன ஊர், சிவகங்கை மாவட்டம். அங்கே ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் மேல் உலோக அச்சை வைத்து, நிறச் சாந்தைக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு நிரப்புகிறார்கள். தண்ணீரில் ஊறி இறுகிய பிறகு கண்ணாடி கழன்று வருகிறது. கண்ணாடி பட்ட முகம்தான் பளபளப்பு. சூளை இல்லை, நெருப்பு இல்லை. கையின் திறமைதான் எல்லாம். அதனால் ஒரு கல் போல இன்னொரு கல் அச்சு அசலாக இருக்காது, அதுதான் அதற்கு உயிர். நடக்க நடக்க மெருகேறும். எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். ஆசிட் மட்டும் அதன் பக்கம் போகக் கூடாது, சிமென்ட்டை அரித்துவிடும்.

வீடு முழுக்க ஆத்தங்குடி போட வசதி இல்லையா? ஹாலின் நடுவில் மட்டும் பூவேலைக் கல்லை ஒரு கம்பளம் போலப் பதித்து, சுற்றிலும் ஒற்றை நிறக் கல் போடுங்கள். இங்கே ஒரு விதி உண்டு, அதை மீறாதீர்கள்: தரை பேசினால் சாமான் பேசக் கூடாது. பூப்போட்ட தரையில் பூப்போட்ட சோபா என்றால் கண் எங்கே போய் உட்காரும்? நேர்கோட்டு மரச்சட்டம், ஒற்றை நிற மெத்தை, அந்த நிறமும் கல்லில் இருக்கும் பச்சையோ மஞ்சளோ ஒன்றிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். தரை சும்மா இருந்தால், அப்போது சாமான் பேசட்டும். கடைசல் வேலைப்பாடு உள்ள நாற்காலிக்கும் கோடு போட்ட துணிக்கும் ஒற்றை நிறத் தரையே தோது.

"நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், எனக்கு என்ன தரை, என்ன தேர்வு?" என்கிறீர்களா? உங்களுக்குத்தான் இந்தக் கட்டுரையில் பாதி! வீட்டுக்காரர் போட்ட மொசைக் தரையைக் குனிந்து பாருங்கள். வெள்ளைச் சாந்தில் பழுப்பு, கறுப்பு, பச்சை என்று சலவைக்கல் சில்லுகள். அந்தச் சில்லுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பச்சை என்று வையுங்கள். திரைச்சீலை பச்சை, நாற்காலித் திண்டு பச்சை. அப்பா வாங்கிக் கொடுத்த ஸ்டீல் பீரோ துருப்பிடித்த பழுப்பில் நிற்கிறதா, ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பவரிடம் கொடுத்து அதையும் பச்சையாக்குங்கள். ஒரு நிறம் மூன்று இடத்தில் திரும்ப வந்தால் அறைக்கு ஓர் எண்ணம் வந்துவிடும். தரையே அழுது வடிகிறதென்றால் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரியுங்கள். பத்தமடைப் பாயை விரியுங்கள். தரைக்கும் சாமானுக்கும் நடுவே அது பாலம் போட்டுவிடும். வீடு மாறும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம்.

கடைக்குப் போகும் முன் இன்னொரு காரியம். அந்தத் தரையைத் தினமும் பெருக்கித் துடைக்கப் போகிறவர் யார்? அவரிடம் கேட்டீர்களா? நம் வீடுகளில் நடக்கிற பெரிய அநியாயம் இது. துடைக்கிற அம்மாவிடமும் மனைவியிடமும் கேட்காமல் ஆண்கள் கூடிப் பேசித் தரையை முடிவு செய்கிறார்கள். பளபளக்கும் வெள்ளைத் தரையில் உதிர்ந்த ஒரு முடிகூடத் தெரியும். பளபளக்கும் கறுப்புத் தரையில் தூசியும் காய்ந்த தண்ணீர்த் தடமும் தெரியும். மங்கலான மெருகும் நடுத்தர நிறமும் லேசான ரேகையும் உள்ள தரை எதையும் சட்டென்று காட்டிக்கொடுக்காது. சோபா தரையோடு ஒட்டி உட்கார்ந்தால் அடியில் துடைப்பம் நுழையாது, ஆறு அங்குலமாவது தூக்கலாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தண்ணீர் விட்டுத் துடைக்கிற வீட்டில் மரத்தூள் பலகையில் செய்த அலமாரியின் அடிப்பாகம் ஈரம் குடித்து உப்பிவிடும். அடியில் ஸ்டீல் காலோ ரப்பர் புஷ்ஷோ கேளுங்கள். பிளைவுட் என்றால் தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரை உண்டா என்று திருப்பிப் பாருங்கள். அம்மா, இதையெல்லாம் உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. முதல் வாக்கு உங்களுடையது. கேட்டு வாங்குங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்!

வேலை நடக்கும் நாளில் மேஸ்திரி சொல்வதைக் கேளுங்கள், அவர் அனுபவத்தை மதியுங்கள், ஆனால் கிளம்பிப் போய்விடாதீர்கள். பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே ஷேடு எண், ஒரே பேட்ச் எண் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வெவ்வேறு பேட்ச் என்றால் பதித்த பிறகு ஹாலின் ஒரு பாதி வேறு நிறமாகத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் 30 வேண்டும். வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்து 33. மீந்ததைப் பரணில் போட்டு வையுங்கள், பின்னாளில் ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது. சாந்து போடும் முன் ஒரு வரிசையை வெறும் தரையில் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் முழு டைல்ஸ் வர வேண்டும், வெட்டுத் துண்டுகள் சோபாவுக்கும் பீரோவுக்கும் அடியில் போக வேண்டும். எந்தச் சாமான் எங்கே என்று உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் நடக்கும். இணைப்பு இடைவெளியில் அடைக்கும் கலவையின் நிறத்தையும் நீங்களே சொல்லுங்கள். வெளிர்த் தரையில் வெள்ளைக் கலவை சீக்கிரம் அழுக்காகும், டைல்ஸைவிடச் சற்று அடர்ந்த நிறம் தாங்கும்.

கிரகப்பிரவேசத்தன்று நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். "என்ன, கோயில் மண்டபம் மாதிரி கறுப்புக் கல்லைப் போட்டுட்டே?" "சோபா இல்லாம பெஞ்சா?" பேசட்டும். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிப் போய்விடுவார்கள். நாளைக் காலை அந்தக் கல்லில் கால் வைக்கப் போவது நீங்கள். காரணம் கேட்டால் சொல்லுங்கள்: வெயில் காலத்தில் குளிர்ச்சியாக இருக்கிறது, அம்மாவின் கட்டில் அதில் எடுப்பாகத் தெரிகிறது, எங்களுக்குப் பிடித்திருக்கிறது. மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள். நிமிர்ந்து சொல்லுங்கள்.

அந்த நிமிர்வு வர ஆலோசனைக் கட்டணம் தேவையில்லை. ஒரு சாக்பீஸ் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலைக் காலி செய்து, வாங்க நினைக்கும் சோபாவின் நீள அகலத்தைத் தரையில் கோடு போட்டு வரையுங்கள். டீபாயை வரையுங்கள். நடுவில் நடந்து பாருங்கள். இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் போக மூன்று அடியாவது கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் சோபாவைச் சின்னதாக்குங்கள். பிறகு டைல்ஸ் கடைக்குப் போய் மாதிரிக்கு நாலு டைல்ஸ் வாங்கி வாருங்கள். வீட்டு ஜன்னலோரம் ஒட்டினாற்போல் அடுக்கி, அதன் மேல் உங்கள் நாற்காலியைத் தூக்கி வையுங்கள். காலை வெயிலில் பாருங்கள், நடுப்பகலில் பாருங்கள், இரவு டியூப்லைட்டில் பாருங்கள், மஞ்சள் பல்பிலும் பாருங்கள். தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு மிதித்துப் பாருங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ராத்திரி தூங்கி எழுந்த பிறகும் பிடித்திருந்தால் ஆர்டர் கொடுங்கள். "மாதிரியெல்லாம் வீட்டுக்குத் தர முடியாது, இங்கேயே பார்த்து முடிவு பண்ணுங்க" என்று கடையில் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். அடுத்த கடை தரும்.